நேரடித் தீயில் ஏறும் சட்டியைச் சக்கரத்தில் வனைவது: மண், அடி, கனம், மூடி

ஈரமண்:
கோப்பையும் கிண்ணமும் சக்கரத்தில் சரளமாக வனைய வந்துவிட்ட பிறகு, சமையல் சட்டிக்கு வரும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரே இடத்தில் பேசலாமா? ஓவனுக்குள் வைப்பதைக் கேட்கவில்லை. அடியில் சுடர் நேராகப் படும் சட்டியைத்தான் கேட்கிறேன்.

பேச வசதியாக ஒரு மாதிரி: 2 லிட்டர் கொள்ளளவு, மூடியோடு. செங்களி, நைசாகச் சலித்தது, வேறு கலப்பு இல்லை. சுவர் 6 மி.மீ., அடி 10 மி.மீ., அடியில் செதுக்கிய கால்வளையம் (பாத்திரம் நிற்கும் வட்ட மேடு). 1050 டிகிரியில் சுட்டது. இது காஸ் அடுப்பில் தாங்குமா? தாங்காது என்றால் முதலில் கை வைக்க வேண்டியது எதில்?

திகிரி:
தாங்காது. நீங்கள் எழுதியதில் சுவர்க்கனம் ஒன்றுதான் சரி. மற்றதெல்லாம் கோப்பைக்கான பழக்கம், அப்படியே சட்டிக்கு வந்திருக்கிறது.

விரிசல் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சுடர் படும் வட்டம் சூடேறி விரியப் பார்க்கும். அதைச் சுற்றியுள்ள மண் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் விரிய விடாது. இந்த இழுபறியில் குளிர்ந்த பக்கம் இழுவிசைக்கு ஆளாகிறது. சுட்ட மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கனம் திடீரென மாறும் இடம், கூரான மூலை, கால்வளையம் அடியோடு சேரும் கோடு, இங்கெல்லாம் அந்த இழுவை குவிகிறது. 10 மி.மீ. அடி 6 மி.மீ. சுவரைச் சந்திக்கும் இடத்தில் வட்டமாக ஒரு விரிசல் ஓடி, அடி தட்டுப்போலக் கழன்று வரும்.

முதலில் கால்வளையத்தைக் கைவிடுங்கள். அடுத்து அடியையும் சுவரையும் ஒரே கனத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது மண்ணில் நொய், அதாவது கரடான துகள், சேர்ப்பது. சுடும் வெப்பத்தைச் சூளைவாயில் சொல்வார், அவர் பேட்டை அது.

சூளைவாயில்:
சொல்கிறேன். 1050 டிகிரி பெரும்பாலான செங்களிக்கு அதிகம். இரும்புச்சத்துள்ள களி 1000-ஐத் தாண்டும்போதே இறுகத் தொடங்கும், துளைகள் மூடும். தட்டினால் மணிபோல ஒலிக்கும், பார்க்கப் பலமாகவும் இருக்கும். ஆனால் அப்படி இறுகிய உடலில், அதாவது சட்டியின் சுட்ட மண்ணில், ஒரு விரிசல் தொடங்கினால் தடையில்லாமல் மறுமுனை வரை ஓடும். 850 முதல் 950 வரை சுட்ட சொரசொரப்பான உடலில் விரிசல் தொடங்கினாலும் அடுத்த துளையிலோ நொய்த்துகளிலோ முட்டி நின்றுவிடும். நல்ல சட்டியின் ஒலி சற்று மந்தமாக இருப்பது இதனால்தான். "கணீர் என்று கேட்டால்தான் நல்ல பானை" என்பது தண்ணீர்க் குடத்துக்கும் பூந்தொட்டிக்கும் பொருந்தலாம், தீயில் ஏறும் சட்டிக்கு அளவுகோல் அல்ல. ஏற்கெனவே விரிசல் விட்ட சட்டி வேறு, அது மந்தமாக இல்லாமல் 'கரகர'வென்று அதிரும். காதுக்கு வித்தியாசம் தெரியும்.

உங்கள் களி எங்கே இறுகுகிறது என்று தெரிய ஒரு சோதனை போதும். ஒரே அளவு வில்லைகள் செய்து 850, 900, 950, 1000, 1050 டிகிரிகளில் சுடுங்கள். உலர்ந்த எடை எடுத்து, 5 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்து, 24 மணி நேரம் அதே நீரில் ஊறவிட்டு, மேலீரத்தை ஈரத்துணியால் ஒற்றி மறுபடி நிறுங்கள். கூடிய எடையை உலர் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நீர் உறிஞ்சும் சதவீதம். சுடருக்குப் போகும் செங்களிச் சட்டி 10 முதல் 15 சதவீதம் இருந்தால் நிம்மதி. 5-க்குக் கீழே வந்தால் அந்த வெப்பத்தை மறந்துவிடுங்கள்.

கைநாட்டு:
அண்ணா, நொய்னு சொன்னீங்களே, ஆத்து மணல் போட்டா ஆகாதா? எல்லாரும் மணல்தானே போடுறாங்க.

திகிரி:
ஆகும், ஆனால் ஓட்டுநொய்க்கு அடுத்தபடிதான். உடைந்த பிஸ்கட் ஓடுகளை (பூச்சு இல்லாமல் முதல் முறை சுட்ட மண்ணை) இடித்துச் சலித்ததைச் சொல்கிறேன், ஸ்டூடியோக்களில் க்ராக் (grog) என்பார்கள். அது உங்கள் களியைப் போலவே விரியும், சுருங்கும். ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று உருமாறி விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சுடும்போது ஒவ்வொரு மணலைச் சுற்றியும் நுண்ணிய வெடிப்பு விழும். அளவாக இருந்தால் அந்த வெடிப்புகளே ஓடிவரும் விரிசலை நிறுத்தும், மணல் கலந்த சட்டிகள் பிழைப்பது இப்படித்தான். அளவு மீறினால் உடலே தளர்ந்துவிடும். 15 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஓட்டுநொய் 20 சதவீதம் வைத்துத் தொடங்குங்கள், உலர் எடைக் கணக்கில். பலர் தவறுவது இந்தக் கணக்கில். 10 கிலோ ஈரக்களியில் நீர் 22 சதவீதம் என்றால் உலர்ந்த மண் 7.8 கிலோதான். மொத்த உலர் எடையில் நொய் 20 சதவீதமாக வர 1.95 கிலோ சேர்க்க வேண்டும். ஈரக்களியின் எடையை வைத்துக் கணக்கிட்டு 2.5 கிலோவைக் கொட்டினால் சுவரை இழுக்கும்போது கிழியும்.

1 மி.மீ. சல்லடையில் விழுந்ததை எடுத்துக்கொண்டு, கால் மி.மீ. சல்லடையில் விழும் தூசியை ஒதுக்குங்கள். விரிசலை நிறுத்துவது கரடான துகள்தான், தூசி அல்ல. சேர்ப்பதற்கு முன் நொய்யை நனைத்து வையுங்கள். உலர்ந்த நொய் களியின் நீரை இழுத்துக்கொள்ளும், பிசைந்து முடித்த அரை மணியில் மண் விறைத்துப்போகும்.

சூளைவாயில்:
இடையில் ஒன்று. நொய் இடிப்பது, சலிப்பது, காய்ந்த சட்டியைத் தேய்ப்பது எல்லாவற்றிலும் கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. ஈரமாக்கி வேலை செய்யுங்கள், துகள் வடிகட்டும் முகமூடி போடுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்கு உதவாது.

வனைகரம்:
மண் பேசியாயிற்று, சக்கரத்துக்கு வரலாம். எழுதுவது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவு. களி மொத்தம் 8 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்ட பின் வாய் 18 செ.மீ. வேண்டுமென்றால் 18-ஐ 0.92-ஆல் வகுங்கள், ஈரத்தில் 19.6 செ.மீ. கொள்ளளவு மூன்று திசையிலும் சுருங்கும் என்பதை மறந்துவிடுவார்கள். 0.92-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.78. சுட்ட பின் 2 லிட்டர் வேண்டுமானால் ஈரத்தில் ஏறக்குறைய 2.6 லிட்டர் பிடிக்க வேண்டும். உருண்டை வாட்டமான சட்டிக்கு 1.8 கிலோ களி எடுங்கள். கை தேறியவருக்கு ஒன்றரை கிலோவே போதும்.

நடுப்படுத்துவது. நொய் கலந்த களி கையை உரசி எடுக்கும். சக்கரத்தை நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் விரட்டாதீர்கள், வேகம் கூடினால் தோல்தான் போகும். மூன்று முறை கூம்பாக ஏற்றி இறக்குங்கள். நடுவுக்கு வந்துவிட்டதே என்று ஒரு முறையோடு நிறுத்துபவர்கள் உண்டு. ஏற்றி இறக்குவது நடுப்படுத்த மட்டுமல்ல, களியின் நுண்ணிய தட்டைத் துகள்களை ஒரே வாக்கில் படிய வைக்கவும்தான். தண்ணீருக்குப் பதில் விரலில் மண்கூழ் தொட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே உள்ள நைசான களியைக் கழுவி நொய்யை நிர்வாணமாக நிறுத்திவிடும். அதன்பின் எவ்வளவு வழித்தாலும் சொரசொரப்பு போகாது.

திறப்பது. வேகத்தை 120 அளவுக்குக் குறையுங்கள். அடியில் 9 மி.மீ. விட்டு நிறுத்தி, ஊசி குத்திப் பாருங்கள். இனிதான் கோப்பைப் பழக்கத்தை விட வேண்டிய இடம். கோப்பைக்கு அடியைத் தட்டையாக விரித்து, ஓரத்தில் விரலைக் குத்தி சுவரை எழுப்புவோம். அங்கே உள்ளே ஒரு மூலை பிறக்கும். சட்டிக்கு விரலை வெளிப்பக்கமாக இழுக்கும்போதே மேல்நோக்கி வளைத்துக் கொண்டுபோங்கள். அடி சுவராக மாறும் வளைவின் ஆரம் 2 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. அரைவட்ட மர ரிப் (மண்ணை வழிக்கும் தகடு) ஒன்றை உள்ளே வைத்துச் சோதியுங்கள். ரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே மூலை இருக்கிறது.

அடியை அமுக்குவது. ரிப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஐந்தாறு முறை அழுத்தி வழியுங்கள். அடி நடுவில் 'S' வளைவாக விழும் விரிசலுக்குப் பாதிக் காரணம் இதைச் செய்யாதது. மீதிப் பாதி அடியில் தேங்கிய நீர். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.

இழுப்பது. நிமிடத்துக்கு 80 சுற்று. மூன்று, நான்கு இழுப்பில் முடித்துவிட வேண்டும், நொய்க்களி ஆறாவது இழுப்புக்குத் தாங்காது. முதல் இழுப்பின் அழுத்தம் சுவரின் அடிவாரத்தில். அங்கே தங்கும் மண்தான் பிறகு கனமான வளையமாகி நம்மைக் கவிழ்க்கும். நேரான உருளையாகவே எழுப்புங்கள், வயிறு கடைசியில். வயிற்றைத் தள்ளும்போது உள்ளே வளைந்த ரிப், வெளியே விரல் துணைக்கு மட்டும், நீர் வேண்டாம். வயிறு பெருகும்போது சுவர் மெலியும், அதனால் உருளையில் அந்த உயரத்தில் ஒரு மி.மீ. கூடுதல் கனம் வைத்திருக்க வேண்டும். கழுத்தை ஒடுக்கும்போது நேர்மாறு, மண் திரண்டு தடிக்கும். ஒவ்வொரு ஒடுக்கலுக்கும் பிறகு லேசாக ஒரு இழுப்புக் கொடுத்து மெலிய வையுங்கள்.

கடைசியில் விளிம்பு. ஈரத்துணியால் பிடித்து உருட்டையாக விடுங்கள், கூர்மை வேண்டாம். கரண்டி படும் இடம் அது.

கைநாட்டு:
அறுத்து எடுத்ததுக்கு அப்புறம் அடிய என்ன பண்றது? கால்வளையம் வேணாம்னா செதுக்கவே வேணாமா?

வனைகரம்:
செதுக்க வேண்டும், கால் விடக் கூடாது. அழுத்தினால் குழியாமலும் நகம் பட்டால் கீறல் விழும்படியும் இருக்கும் பதத்தில் கவிழ்த்து வைத்து, உள்வளைவு எப்படிப் போகிறதோ அதே வளைவை வெளியிலும் செதுக்கி வாருங்கள். விரலால் சுண்டிக்கொண்டே போனால் கனமான இடம் மந்தமாகவும் மெலிந்த இடம் லேசாகவும் கேட்கும். எங்கும் 6 முதல் 7 மி.மீ. வந்தால் நிறுத்துங்கள். செதுக்கும்போது நொய் பிய்ந்து வந்து கோடுகோடாகப் பள்ளம் விழும். அப்படியே விட்டால் ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு வாசல். அதே நொய்க்களியின் கூழைத் தடவி, ரப்பர் ரிப்பால் அழுத்தி மூடுங்கள்.

தட்டுப்பலகை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன், இனி முடியாது. செதுக்கிப் பெறும் வளைவும் தட்டிப் பெறும் வளைவும் ஒன்றா? செதுக்கும்போது அமுக்கிய அடியின் வெளித்தோலைத்தான் சீவி எறிகிறீர்கள். பிறகு ரப்பர் ரிப்பால் தடவி சமாதானம் செய்கிறீர்கள். தட்டினால் மண் வெளியே போகாது, ஒவ்வோர் அடிக்கும் மெலிந்துகொண்டே இறுகும். நெருப்புக்குப் போகும் சட்டிக்குச் சக்கரம் பாதி வேலைதான் செய்யும். வாயும் கழுத்தும் சக்கரத்தில், அடி பலகையில்.

முறை இதுதான். சக்கரத்தில் கழுத்தையும் தோளையும் முடித்துவிடுங்கள். கீழ்ப்பாதியை உருளையாகவே, 12 முதல் 15 மி.மீ. கனத்தில் விடுங்கள், அடியும் அதே கனம். அறுத்து எடுத்து, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை நிழலில் வையுங்கள். விளிம்பு அதற்குள் காய்ந்துவிடும், அதனால் விளிம்பைச் சுற்றி ஈரத்துணி. துணிவளையத்தின் மேல் கவிழ்க்காமல் மடியிலோ மணல்தட்டிலோ சாய்த்து வைத்து, உள்ளே தட்டுக்கல், வெளியே பலகை. கல்லின் வளைவு சட்டியின் உள்வளைவைவிடச் சற்றே அதிகம் இருக்க வேண்டும். தட்டையான கல்லின் ஓரம் உள்ளே பிறைபிறையாகத் தடம் போடும். இரண்டிலும் சலித்த சாம்பல் தூவிக்கொள்ளுங்கள், ஒட்டாது.

தோளுக்குக் கீழே தொடங்கிச் சுற்றிச் சுற்றி அடிக்கு வாருங்கள். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் மேல் பாதி ஏற வேண்டும். ஒரே மூச்சில் 15 மி.மீ.-யை 6-க்குக் கொண்டுவரப் பார்த்தால் தொய்ந்துபோகும். முதல் சுற்றில் 11, நிழலில் காய்ச்சல், அடுத்த சுற்றில் 8, மறுபடி காய்ச்சல், கடைசியில் இலேசான பலகையால் 6. சுற்றுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், காற்றைப் பொறுத்தது. பலகை பட்ட இடத்தில் ஈரப் பளபளப்பு வந்தால் இன்னும் காயவில்லை. மயிரிழைபோல் வெடித்தால் அதிகம் காய்ந்துவிட்டது.

திகிரி:
தட்டிய அடி மேலானது என்பதில் தகராறு இல்லை. ஆனால் உருண்டை அடி இன்றைய அடுப்பின் தட்டுக்கம்பியில் ஆடும். கண்ணாடித்தட்டு மின்னடுப்பில் ஒரு புள்ளியில்தான் தொடும், அந்தப் புள்ளி மட்டும் கொதித்து மற்ற இடம் குளிர்ந்தே கிடக்கும். இண்டக்‌ஷனைப் பேசவே வேண்டாம், உலோகம் இல்லாத சட்டியை அது சூடாக்காது.

தட்டுப்பலகை:
அதற்கும் வழி உண்டு. கடைசிச் சுற்றில் அடியின் நடுவை 8 முதல் 10 செ.மீ. வட்டத்துக்கு ஒரு தட்டைப் பலகைமேல் வைத்து உள்ளிருந்து லேசாகத் தட்டுங்கள். தட்டை வட்டத்தின் ஓரம் மட்டும் வளைவாகவே ஓட வேண்டும். பிறகு நடுவை ஒரு மி.மீ. உள்நோக்கித் தள்ளிவிடுங்கள். சுடும்போது அடி கொஞ்சம் தொங்கும், அந்த ஒரு மி.மீ. அதற்கு ஈடு. வெளியே புடைத்த தட்டையடி மேசையில்கூட நிற்காது.

திகிரி:
அது சரி. வனைகரம் செதுக்கும் முறைக்கும் இதே அளவு பொருந்தும். 2 லிட்டர் வரை செதுக்கிய அடி போதும், 4 லிட்டருக்கு மேல் தட்டுவதே பாதுகாப்பு என்பேன். பெரிய அடியைச் செதுக்கி ஒரே கனத்தில் நிறுத்துவது தேர்ந்த கைக்கும் கடினம்.

வனைகரம்:
3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம் :)

ஈரமண்:
மூடியும் காதும்?

வனைகரம்:
மூடியைச் சட்டி வனைந்த அன்றே, அதே களியில் வனையுங்கள். அடுத்த வாரம் வேறு பிசைவிலிருந்து செய்தால் சுருக்கம் அரை சதவீதம் மாறினாலே 18 செ.மீ. வாய்க்கு ஒரு மி.மீ. போய்விடும். சட்டியின் உள்விளிம்பில் மூடி உட்காரும் படியைக் கடைசி இழுப்பிலேயே பிரித்துவிடுங்கள், அகலம் 6 மி.மீ. போதும். காலிப்பரால் படியின் உள்விட்டத்தை எடுத்து, மூடியின் இறங்கும் வளையத்தை அதைவிட 3 மி.மீ. குறைவாக வனையுங்கள். காய்வதும் பிஸ்கட் சுடுவதும் மூடியைச் சட்டியின்மேல் வைத்தேதான், இரண்டும் ஒரே வாட்டத்துக்குக் கோணும். ஆவி போக ஒரு 4 மி.மீ. துளை, குமிழுக்குப் பக்கத்தில். ஈரத்தில் 5-ஆகக் குத்துங்கள், ஓரப்பிசிறு திரும்பி வந்து அடைக்கும்.

காது சின்னதாக, தட்டையாக, சுடர் நாக்கு எட்டாத உயரத்தில். சட்டியின் ஈரமும் காதின் ஈரமும் ஒன்றாக இருக்கும்போது இரு பக்கமும் கீறி, கூழ் வைத்து, அழுத்தி, ஓரத்தை வழித்து விடுங்கள். உள்ளிருந்து ஒரு விரல் தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் வாய் முட்டைவடிவமாகும், மூடி சுற்றாது. ஒட்டிய இடம் சுவரோடு சேர்ந்து 14, 15 மி.மீ. ஆகிவிட்டால் அங்கேயும் விரிசல் வரும். சுருக்கமாகச் சொன்னால், காது எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

சூளைவாயில்:
காய்ச்சலும் சூளையும்.

விளிம்பு முதலில் காயும், அடி கடைசியில். விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் மூடி வைத்து, தன் எடையைத் தாங்கும் பதம் வந்ததும் கவிழ்த்து விடுங்கள். வெயிலும் மின்விசிறியும் வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது.

சூளையில் முதலில் 80, 90 டிகிரியில் பல மணி நேரம் பிடித்து வையுங்கள். நீர் ஆவியாகாமல் 100-ஐத் தாண்டினால் உள்ளே ஆவி அடைபட்டு அடி சிதறும். பிறகு 600 வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டாம். 450-க்கும் 600-க்கும் நடுவே களியோடு பிணைந்த நீர் போகிறது, 573-இல் குவார்ட்ஸ் திரும்புகிறது. 600-க்கு மேல் மணிக்கு 120 கூடப் போகலாம். 900-இல் அரை மணி பிடித்து அணைத்துவிடுங்கள். 150-க்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

களியில் சுண்ணாம்புக் கட்டி இருந்தால் வேறு ஒரு தலைவலி. ஏறக்குறைய 800 டிகிரிக்கு மேல் அது சுட்ட சுண்ணாம்பாகும். சூளையிலிருந்து வந்தபோது சட்டி நன்றாகவே இருக்கும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, மேலிருந்து வில்லைபோல் ஒரு சில்லைத் தெறித்துத் தள்ளும். பள்ளத்தின் அடியில் வெள்ளைப்பொட்டு தெரிந்தால் அதுதான். களியைக் கரைத்து நைசான சல்லடையில் வடித்துக் கட்டியை எடுத்துவிட்டு, பிறகு நொய் சேர்ப்பதுதான் வழி. ஈரமண் களியைச் சலித்தது வீணில்லை, சலித்த பிறகு கரட்டை நாமே சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கைநாட்டு:
உள்ள க்ளேஸ், அதான் கண்ணாடி மாதிரி பூச்சு, போடலாமா? கழுவ சுலபமா இருக்குமே.

சூளைவாயில்:
1000-க்குக் கீழே உருகும் க்ளேஸ்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பான எதையும் அதில் கொதிக்கவிட்டால் ஈயம் கரைந்து வரும். ஈயமும் காட்மியமும் இல்லை என்று உட்பொருள் எழுதியிருக்கும் க்ளேஸை மட்டும் எடுங்கள். சுட்ட பிறகு 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்த நீரை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். வீட்டில் வினிகர் ஊற்றி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது க்ளேஸ் பலவீனமா என்பதைச் சொல்லும், ஈயத்தைச் சொல்லாது. பிசகாகப் படிக்காதீர்கள்.

வெளியடியில் க்ளேஸ் கூடவே கூடாது. க்ளேஸும் உடலும் வேறு வேறு அளவில் விரியும். உள்ளே மட்டும் பூசிய திறந்த உடல் வெளிப்பக்கம் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஈரமாக இருக்கும்போது பெருந்தீயில் ஏற்றவும் கூடாது. என் பரிந்துரை: க்ளேஸே வேண்டாம். செதுக்கிய மறுநாள் வழவழப்பான கல்லால் உள்ளே தேய்த்து மெருகேற்றுங்கள். 950-க்கு மேல் போனால் அந்த மெருகு மங்கும், அதற்கும் கீழேயே சுடுகிறோம் என்பதால் கவலையில்லை. சுட்ட பிறகு ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, மாவுச்சத்துக் கரைசலைச் சிறுதீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் துளைகள் ஓரளவு அடையும்.

மேசைவிளக்கு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்டோன்வேரிலேயே (அதிக வெப்பத்தில் இறுகச் சுடும் மண்பாண்டம்) சுடருக்குத் தாங்கும் உடல் செய்கிறார்களே, லித்தியம் கனிமம் சேர்த்து? அதைச் சக்கரத்தில் வனையலாமா?

திகிரி:
வனையலாம், ஆனால் வேறு உலகம். பெட்டலைட் என்ற லித்தியம் கனிமம் 40 முதல் 50 சதவீதம் போட்ட உடல் 1200-க்கு மேல் சுடும்போது சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். விரியாததால் இழுபறியே இல்லை. செங்களிச் சட்டி விரிசலை ஓடவிடாமல் பிழைக்கிறது, இது விரிசலையே தொடங்கவிடாமல் பிழைக்கிறது. இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டு "மணல் நல்லது" என்று இதிலும் மணலைப் போட்டால் கெட்டது. உருகாமல் தங்கிய குவார்ட்ஸும், அதிக வெப்பத்தில் அதிலிருந்து பிறக்கும் கிரிஸ்டோபலைட்டும் விரிவைக் கூட்டிவிடும். கிரிஸ்டோபலைட் சுமார் 226 டிகிரியில் திடீரென உருமாறும், சமையல் சூட்டிலேயே எட்டிவிடும் வெப்பம் அது. சாதாரண ஸ்டோன்வேர் ஓட்டுநொய்யும் இதே காரணத்தால் வேண்டாம்.

பெட்டலைட்டுக்குப் பதில் ஸ்போடுமீன் என்ற இன்னொரு லித்தியம் கனிமத்தை முன்கூட்டிச் சுடாமல் பச்சையாகப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். அது 1080 டிகிரி வாக்கில் உருமாறும்போது கன அளவில் ஏறக்குறைய 30 சதவீதம் ஊதும்.

சக்கரத்தில் இந்த உடல் முரடு. களிப்பங்கு குறைவு, இழுத்தால் கிழியும், வளைத்தால் விளிம்பில் வெடிக்கும். பென்டோனைட் என்ற பிசுபிசுப்பான களியை 2, 3 சதவீதம் சேர்த்து, பிசைந்து சில வாரம் மூடி வைத்தால் கொஞ்சம் இணங்கும். உயரமான சட்டி முயலாதீர்கள், அகலமான தாழ்ந்த வடிவம் எடுங்கள். சாதாரண க்ளேஸ் இதன்மேல் வலைபோல் வெடிக்கும், உடலே விரியாதபோது க்ளேஸ் மட்டும் ஆறும்போது சுருங்குகிறதே. லித்தியம் க்ளேஸ்தான் பொருந்தும்.

ஈரமண்:
கடைசியாக ஒரு கேள்வி. சட்டி உடைந்தால் விரிசலைப் பார்த்தே காரணம் சொல்ல முடியுமா?

தட்டுப்பலகை:
பெரும்பாலும் முடியும். அடியின் நடுவிலிருந்து நட்சத்திரமாகக் கிளைத்தால் சுடரின் சூடு, வெறும் சட்டியைப் பெருந்தீயில் ஏற்றியிருப்பார்கள். அடியைச் சுற்றி வட்டமாக ஓடினால் கனம் மாறிய இடம். நடுவில் 'S' போல இருந்தால் அடி அமுக்கப்படவில்லை, அது சூளைக்கு முன்பே விழுந்தது. விளிம்பிலிருந்து கீழே இறங்கினால் விளிம்பு வேகமாகக் காய்ந்தது, அல்லது காது ஒட்டிய இடத்தின் இழுப்பு.

க்ளேஸ் போட்டதென்றால் இன்னும் எளிது. விரிசல் ஓரத்தில் க்ளேஸ் உருண்டு மழுங்கியிருந்தால் க்ளேஸ் உருகும் முன்பே உடல் வெடித்துவிட்டது. கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போது வெடித்தது, சூளையைச் சீக்கிரம் திறந்திருப்பார்கள்.

சூளைவாயில்:
அடுப்புக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு புதுக் களிக்கும் ஒரு மாதிரியைப் பலி கொடுங்கள். ஓவனில் 120 டிகிரிக்குச் சூடாக்கி நேராகக் குளிர்நீரில் இறக்குங்கள், துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சுண்டிக் கேளுங்கள். ஒலி மாறவில்லையென்றால் 150, பிறகு 180, 200. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கைக்குத் தடித்த உறை. எந்தப் படியில் ஒலி கரகரக்கிறதோ அந்தப் படியைக் குறித்து வையுங்கள். நொய்யை 5 சதவீதம் கூட்டியோ சூளையை 30 டிகிரி குறைத்தோ அடுத்த மாதிரி செய்யும்போது ஒப்பிட அந்த எண் ஒன்றுதான் கையில் இருக்கும். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.

கைநாட்டு:
இந்தச் சோதனை தட்டிச் செஞ்ச சட்டிக்கும் செதுக்கின சட்டிக்கும் தனித்தனியா போடணுமா, ஒரே களியா இருந்தாலும்?

தட்டுப்பலகை:
தனித்தனியாகத்தான். செதுக்கியது எந்தப் படியில் கரகரக்கிறது என்று இங்கேயே எழுது தம்பி, வனைகரமும் பார்க்கட்டும்.